தரவுச் சரிபார்ப்பு: பைத்தான் வலைச் சட்டகங்களில்

இணையச் செயலிக்குள் வரும் கோரிக்கையும் அது திருப்பி அனுப்பும் பதிலும் எதிர்பார்த்த வடிவில் உள்ளனவா என்று நிரலே பார்த்துக்கொள்ளும் முறை தரவுச் சரிபார்ப்பு. குளச்சல் என்னும் ஊரில் ஒருவர் படிவம் நிரப்பினால் அஞ்சல் குறியீடு 629251 ஆறு இலக்கம் இருக்கிறதா, தொலைபேசிக் குறியீடு 04651-இன் முன்சுழி தப்பியதா, ஊர்ப்பெயரில் வேண்டாத குறி ஏதும் நுழைந்ததா என்பதெல்லாம் தரவுத்தளத்தைத் தொடுமுன் தெரிந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் இதை அவரவர் கைப்பட எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து 2005 ஜூலையில் வெளியான ஜாங்கோ, படிவத்தையும் சரிபார்ப்பையும் சேர்த்துத் தந்தது. அதன் இன்றைய படிவ முறை 2008 செப்டம்பரில் வந்த 1.0 பதிப்பில் நிலைபெற்றது. 2010-இல் வந்த ஃபிளாஸ்க் இந்த வேலையை டபிள்யூடிஃபார்ம்ஸ், மார்ஷ்மெல்லோ போன்ற துணை நூலகங்களிடம் விட்டது. மும்பையில் வளர்ந்த ஃபிராப்பே சட்டகத்தில் ஆவணம் சேமிக்கப்படும் முன் 'வாலிடேட்' என்னும் செயற்கூறு ஓடும்.

பெரிய திருப்பம் 2015-இல் பைத்தான் 3.5 கொண்டுவந்த வகைக் குறிப்புகள். செயற்கூறு ஏற்கும் மாறியின் பக்கத்தில் 'எண்', 'சரம்' என்று எழுதும் அந்தக் குறிப்பை பைத்தான் ஓடும்போது கண்டுகொள்வதில்லை. அதையே காவல் விதியாக்கியது சாமுவேல் கால்வின் 2017-இல் தொடங்கிய பைடான்டிக். அதன்மேல் 2018 டிசம்பரில் செபாஸ்டியான் ராமிரெஸ் ஃபாஸ்ட்ஏபிஐ சட்டகத்தைக் கட்டினார். கோரிக்கை தவறினால் எந்தப் புலத்தில் என்ன கோளாறு என்ற விவரத்தோடு 422 என்ற பதில் போகும். பதில் தவறினால் 500: அனுப்பியவர்மேல் குற்றமில்லை, பிழை வழங்கியின் பக்கம். பதிலுக்கென அறிவித்த மாதிரியில் கடவுச்சொல் புலம் இல்லையென்றால், நிரலாளர் மறந்து முழுப் பதிவையும் திருப்பினாலும் அது வெளியே போகாது. இந்த ஏற்பாட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது.

வந்ததை மாற்றி ஏற்பதா, மறுப்பதா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. முகவரி வரியிலும் படிவத்திலும் எல்லாமே சரமாகத்தான் வருகின்றன, எனவே மாற்றியே ஆக வேண்டும் என்பது ஒரு தரப்பு. சத்தமில்லாமல் மாற்றுவது ஆபத்து என்பது மறுதரப்பு. 04651-ஐ முழு எண் என்று அறிவித்தால் 4651 ஆகிவிடும். குறியீட்டைச் சரமாக அறிவிப்பதே முறை. 2023 ஜூனில் வந்த பைடான்டிக்கின் இரண்டாம் பதிப்பு மாற்றத்தையே இயல்பாக வைத்துக்கொண்டு, கண்டிப்பு முறையைத் தேர்வாகத் தந்தது.

அந்தப் பதிப்பில் பைடான்டிக்கின் உட்கரு ரஸ்ட் மொழிக்கு மாறியது. வேகம் கூடியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். தமிழுக்குக் கிடைத்த நன்மை அதிகம் பேசப்படவில்லை. 'சொல்லெழுத்து மட்டும்' என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ குறியை வைத்துக் 'குளச்சல்' என்ற பெயரைச் சோதித்தால் பைத்தானின் சொந்த ரெகெக்ஸ் என்னும் வடிவம் பொருத்தும் கூறு அதை மறுக்கும். உகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக ஏற்பதில்லை. இந்த நடத்தை குறித்த புகார் 2007 முதல் பைத்தானின் பிழைப் பதிவேட்டில் உள்ளது. முதல் பதிப்பு அந்த ரெகெக்ஸையே நம்பியிருந்தது. இரண்டாம் பதிப்பு இயல்பாகப் பயன்படுத்தும் ரஸ்ட் ரெகெக்ஸ், சார்ந்துவரும் குறிகளையும் சேர்த்துக்கொள்வதால், குளச்சல் தேறிவிடுகிறது.

நீளக் கணக்கில் மட்டும் மாற்றமில்லை. ஐந்து எழுத்துள்ள குளச்சல் யூனிகோடில் எட்டுக் குறிகள். 'அதிகபட்சம் 5' என்ற விதி அதைத் தடுத்துவிடும்.

ஜாங்கோ நிஞ்சா என்னும் நூலகம் பைடான்டிக்கை ஜாங்கோவோடு இணைத்தது. ஃபிராப்பேயும் வகைச் சோதனைக்கு பைடான்டிக்கை எடுத்துக்கொண்டது.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளச்சலை அடுத்த கொட்டில்பாடு கடற்கரை ஊர். அதன் முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரண்டு ஊர். ஃபாஸ்ட்ஏபிஐ இதைத் தானாகச் சமன்செய்யாது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா கூறின் 'நார்மலைஸ்' செயற்கூறை, பைடான்டிக் மாதிரிக்குள் ஒரு சரிபார்ப்பானாக நிரலாளரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.