பக்கவாதம்: பெயரில் இல்லாத மூளை

'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு', 'கை கால் விழுந்துடுச்சு' என்று ஊரில் சொல்லும் நோய்க்கு எழுத்து வழக்கில் பக்கவாதம் என்று பெயர். பிரித்தால் பக்கம், வாதம் என இரண்டே உறுப்பு. நோய் பிறக்கும் மூளைக்கு அதில் இடமே இல்லை.

இந்தப் பெயரில் வரும் பக்கம் வடமொழியின் 'பக்ஷ'. சிறகு, புறம் என்பன அதன் பொருள்கள். இதே நோயைப் பாரிசவாயு என்றும் சொல்வதுண்டு. பாரிசம் 'பார்ச்வ' என்பதன் தமிழ் வடிவம். அதற்கும் பக்கம் என்றே பொருள். இலங்கைத் தமிழர் இன்றும் பாரிசவாதம் என்கிறார்கள். தெலுங்கில் பக்ஷவாதம், கன்னடத்தில் பார்ச்வவாயு.

அடுத்தது வாதம். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றில், உடலின் அசைவெல்லாம் வாதமாகிய காற்றின் வேலை என்பது சித்த மருத்துவக் கணக்கு. அசைவு கெட்டால் வாதம் கெட்டது. அதனால்தான் முகவாதம், இளம்பிள்ளை வாதம், நடுக்குவாதம், கீல்வாதம் என்று பெரிய குடும்பமே இந்தச் சொல்லில் குடியேறியது. பிற்காலத்தில் பெருமூளை வாதமும் சேர்ந்துகொண்டது.

இன்றைய மருத்துவம் அந்தக் குடும்பத்தைப் பாகம் பிரித்துவிட்டது. முகவாதத்தில் பழுது முக நரம்பில். இளம்பிள்ளை வாதத்தில் போலியோ வைரஸ் தண்டுவடத்தின் இயக்க அணுக்களை அழிக்கிறது. நடுக்குவாதத்தில் நடுமூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் தேய்கின்றன. பெருமூளை வாதம், வளரும் மூளை பிறப்புக்கு முன்போ பிறந்த சிறிது காலத்திலோ அடைந்த சேதம். கீல்வாதம் மூட்டு நோய். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பக்கவாதத்துக்கு வடமொழியில் 'பக்ஷாகாதம்' என்ற பெயரும் உண்டு. ஆகாதம் என்றால் அடி. கிரேக்கர் சொன்ன 'அப்போப்ளெக்ஸியா'வும் அடித்து வீழ்த்துவதையே குறிக்கும். ஆங்கில ஸ்ட்ரோக்கும் அடிதான். அது கடவுளின் கை அடித்த அடி என்று நம்பிய காலம் இருந்தது. இந்தியின் லக்வா, முகக்கோணலைக் குறித்த அரபுச் சொல். எல்லோரும் கண்ணில் பட்டதற்கே பெயர் வைத்தார்கள்.

மண்டையைத் திறந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் ரத்தம் கசிந்திருந்ததை 1658இல் நூலாக எழுதினார். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலும் இது நேரும் என்றார். அவர் கண்ட அந்த இரண்டுதான் இன்றும் பக்கவாதத்தின் இரு வகை. அடைப்பால் வருவதே மிகுதி. 1709இல் இத்தாலியின் டொமினிகோ மிஸ்டிகெல்லி, மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் முகுளத்தில் மாறிச் செல்வதை விவரித்தார். இடக்கை விழுந்தால் சேதம் பெரும்பாலும் வலமூளையில். அதாவது, பெயரில் உள்ள பக்கம் சேதம் நேர்ந்த பக்கமே அல்ல.

உலக சுகாதார நிறுவனமும் நெடுங்காலம் இதை ரத்த ஓட்ட நோய்களின் பட்டியலிலேயே வைத்திருந்தது. 2018இல் வெளியிட்ட பதினோராவது நோய் வகைப்பாட்டில்தான் நரம்பு மண்டல நோய்களுக்கு மாற்றியது.

பெயர் காட்டும் இடத்திலேயே வைத்தியம் தேடுவதுதான் ஆபத்து. விழுந்த கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூளை அழிந்துகொண்டிருக்கும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவா அடைப்பா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைப் போடவும் முடியாது.

பழகிய பெயரை மாற்ற வேண்டியதில்லை. நோய் எங்கே பிறக்கிறது என்பது தெரிந்தால் போதும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது தானாகச் சரியாகிவிட்டாலும்கூட, தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் உடனே அழையுங்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.