விடையில் விடுபடும் மாறிலி



வெட்டிய மரத்தில் பால் சொட்டும் வேகம் நேரமாக ஆகக் குறையும். அந்த வேகத்தைக் கொண்டு, மங்கில் சேர்ந்த பாலைக் கணக்கிடுவதே தொகையீடு. மங்கில் முன்பே கிடந்த பாலை அந்த வேகம் சொல்லாது. தெரியாத அந்த அளவையே மாறிலி என்று விடையின் இறுதியில் சேர்க்கிறோம்.

தொகையீட்டுக் குறியை 1675இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் எழுதினார். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ஜேம்ஸ் ஸ்லேகிள், தொகையீட்டை எண்ணாக அன்றி எழுத்துக் கோவையாகவே செய்யும் கணினி நிரலை உருவாக்கினார். எளிய கோவைகளுக்கு அத்திறனை 1987இல் எச்.பி. 28சி கால்குலேட்டர் கைக்குள் கொண்டுவந்தது. 1995இல் வந்த டி.ஐ. 92, விடையைப் பாடநூலில் உள்ளவாறே பின்னமும் அடுக்குமாகத் திரையில் காட்டியது.

எக்ஸ் வர்க்கத்தைக் கொடுத்தால், எக்ஸ் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று அது காட்டும். நாம் கேட்டாலன்றி மாறிலியைச் சேர்க்காது. தன்னால் தொகையிட இயலாத கோவையானால், கொடுத்த கேள்வியையே திருப்பிக் காட்டும். அது பழுதன்று, விடை கிட்டவில்லை என்பதே பொருள்.

பெற்றோர்களே! திரையில் கண்டதை அப்படியே எழுதும் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கும். மங்கில் முன்பே கிடந்த பாலை நினைவில் வைப்பது கருவியின் வேலையன்று, பிள்ளையின் வேலை.