வடிவமைப்பாளன் இன்றி வடிவமைப்பு: கருத்தும் கைவினையும் பிரிந்த வரலாறு

நூலின் அட்டை, கூட்டுறவுச் சங்கத்தின் சுவரொட்டி, சிறுகடையின் பெயர்ப்பலகை முதலியவற்றை ஆக்குதற்குப் பயிற்சி பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரை நாடவேண்டிய தேவை அண்மைக்காலத்திலே வெகுவாகக் குறைந்துள்ளது. வேண்டியதைச் சில சொற்களில் எழுதிக் கொடுத்தவுடன் படத்தை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பல 2022ஆம் ஆண்டிலே அறிமுகமாயின. அவ்வாண்டு ஏப்பிரலில் டால்-ஈயின் இரண்டாம் பதிப்பும், யூலையில் மிட்ஜேர்னியும், ஓகஸ்டில் ஸ்ரேபிள் டிஃபியூஷனும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. இதனைக் கலையின் சனநாயகமாக்கம் என்று சிலர் போற்றுவர். கலைஞனின் அழிவு என்று வேறு சிலர் இரங்குவர். முரண்பட்ட இவ்விரு கருத்தினரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். இது முன்னொருபோதும் நிகழாத ஒன்று என்பதே அவ்வுடன்பாடு. அக்கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்றடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடிவமைப்பாளர் என்னும் தொழிலாளி எல்லாக் காலத்திலும் இருந்தவரல்லர் என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். குயவன் தான் வனையும் கலத்தின் வடிவத்தைத் தானே தீர்மானித்தான். நெய்வோன் தான் அறிந்த கோலங்களைத் தறியிலே கொணர்ந்தான். கருதுதலும் செய்தலும் ஒரே ஆளிடத்தில் அல்லது ஒரே பட்டறையில் இணைந்திருந்தன. இவ்விணைப்பு அறுபட்டமையை இங்கிலாந்தின் மட்பாண்டக் கைத்தொழிலிலே தெளிவாகக் காணலாம். யோசையா வெட்ஜ்வூட் 1769இல் எற்றூரியா என்னுமிடத்திலே தமது புதிய தொழிற்சாலையைத் திறந்தார். ஆங்கே வேலை பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு கூறிலேயே பயிற்றப்பட்டான். பாண்டத்தின் வடிவத்தை முன்கூட்டியே வகுக்கும் பொறுப்பு மாதிரியுருச் செய்வோரிடம் சென்றது. 1775 முதல் யோன் பிளாக்ஸ்மன் போன்ற சிற்பிகளும் அவருக்காக உருவங்களை ஆக்கிக் கொடுத்தனர். நூற்றுக்கணக்கான பாண்டங்கள் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்பது சந்தையின் தேவை. அதனை நிறைவேற்றுதற்குச் செய்வோனின் விருப்பு அகற்றப்படல் வேண்டியதாயிற்று. வடிவமைப்பாளர் தனித் தொழிலினராகத் தோன்றியமை இவ்வகற்றலின் மறுபக்கமேயாகும்.

இப்பிரிவினையின் பொருளாதாரத் தருக்கத்தைச் சாள்ஸ் பபேஜ் 1832இல் வெளியிட்ட நூலிலே ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஒரு வேலையைப் பல கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறுக்கும் எவ்வளவு திறன் தேவையோ அவ்வளவை மட்டுமே முதலாளி விலைகொடுத்து வாங்கலாம் என்பது அவர் வகுத்த விதி. முழுத்திறன் படைத்த ஒருவனுக்கு முழுவேலைக்கும் உயர்ந்த கூலி கொடுக்கவேண்டியதில்லை. கணிக்கும் பொறியைத் திட்டமிட்டமையால் இன்றைய கணினியின் முன்னோடியாகக் கருதப்படுபவரும் இப்பபேஜே என்பது கவனித்தற்குரியது. 1804ஆம் ஆண்டளவில் யக்கார் உருவாக்கிய தறியிலே கோலங்கள் துளையிட்ட அட்டைகளிற் பதிக்கப்பட்டிருந்தன. பபேஜ் தமது பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். எனவே, கணினியின் வரலாறு தொடக்கத்திலேயே வடிவமைப்பின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. பபேஜின் விதியைப் பின்னர் 1974இல் ஹரி பிறேவர்மன் மீள ஆராய்ந்து, கருத்தும் செயலும் பிரிக்கப்படுதலே முதலாளித்துவத் தொழில் அமைப்பின் அடிப்படைப் போக்கு என்று காட்டினார்.

செய்வோனிடமிருந்து கருத்தைப் பிரித்தபின், அக்கருத்தைச் சேமித்து வைத்தற்கும் வேண்டியபோது எடுத்தற்கும் களஞ்சியம் ஒன்று தேவைப்படும். அத்தகைய களஞ்சியங்களுள் எமது நோக்கிற்கு மிகவும் இன்றியமையாதது 1866இல் தோன்றியது. இலண்டனிலே இந்தியாவின் விளைபொருள்கள் பற்றிய அதிகாரியாகப் பணிபுரிந்த போர்ப்ஸ் வட்சன் என்பவர், இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளிலே ஒட்டுவித்தார். இவ்வாறு இருபது தொகுப்புகள் ஆக்கப்பட்டன. அவற்றுட் பதின்மூன்று பிரித்தானியாவிலே வைத்தற்கும் ஏழு இந்தியாவிலே வைத்தற்கும் ஒதுக்கப்பட்டன. மான்செஸ்டர், பிறெஸ்ரன் முதலிய நெசவு நகரங்களின் உற்பத்தியாளர் இந்தியாவுக்குச் செல்லாமலே அந்நாட்டு மக்களின் விருப்பங்களை அறிந்து, அவற்றுக்கேற்ற துணியை எந்திரத்தில் நெய்து, அம்மக்களுக்கே விற்றற்கு இத்தொகுப்புகள் வழிகாட்டின. சென்னை மாகாணத்துத் தறிகளில் நெய்யப்பட்ட துணிகளும் அவற்றுள் இடம்பெற்றன. துணியின் நீள அகலம், நிறை, விலை, இடம் முதலியன குறிக்கப்பட்டன. நெய்தவர் பெயர் குறிக்கப்படவில்லை.

இத்தொகுப்பு மாதிரிகளைத் திரட்டியதோடு அமையாது, அவற்றைப் படைத்தோரின்றியே அவர்தம் அறிவைப் பயன்படுத்தும் வழியையும் காட்டியது. நெசவாளன் தலைமுறை தலைமுறையாக ஈட்டிய அறிவு, அவன் அறியாமலே, அவனோடு போட்டியிடும் எந்திரத்தின் மூலப்பொருளாயிற்று. வடிவமைப்பாளன் இன்றி வடிவமைப்பு என்பதன் பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவம் இதுவெனலாம்.

இந்நிலைமைக்கு எதிராக எழுந்த குரல்களும் உண்டு. கருத்தையும் கைவினையையும் மீண்டும் இணைத்தற்கு வில்லியம் மொறிஸ் முயன்றார். 1861இல் நிறுவிய தமது நிறுவனத்திலும் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்கொற் அச்சகத்திலும் அவர் இக்கொள்கையைச் செயலிற் காட்டினார். மொறிசின் சிந்தனை இலங்கை மண்ணோடும் நேரடித் தொடர்புடையது. கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பிரதேசக் கைவினைஞரின் தொழில்களை ஆராய்ந்து எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, மொறிசின் அச்சகத்துக்கு உரியதாயிருந்த அச்சுப்பொறியிலேயே பதிப்பித்து 1908இல் வெளியிட்டார். போர்ப்ஸ் வட்சனின் தொகுதிகளையும் குமாரசுவாமியின் நூலையும் அருகருகே வைத்து நோக்கின் வேறுபாடு புலனாகும். முன்னது துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டது. பின்னது கைவினைஞரின் குலம், நிலவுரிமை, ஊழியமுறை, பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்தே கோலங்களை நோக்கியது.

ஆயினும், இம்மரபின் குறைபாட்டையும் மறைத்தல் ஆகாது. மொறிஸ் சமவுடைமைவாதியாக இருந்தும், அவருடைய பொருள்களைச் செல்வரே வாங்க முடிந்தது. குமாரசுவாமி போற்றிய கைவினையின் ஒருமைப்பாடு சாதியாலும் அரச ஊழியத்தாலும் கட்டுண்ட சமுதாயத்தில் நிலவியதொன்று. கருத்தும் கையும் ஒன்றாயிருந்த அவ்வமைப்பிலே, தன் தொழிலைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை கைவினைஞனுக்கு இருக்கவில்லை. ஆகவே, பழைய பட்டறைக்குத் திரும்புதல் முற்போக்கான விடை ஆகமாட்டாது. எந்திரத்தை ஏற்பதா மறுப்பதா என்ற வினாவைவிட, அதன் மீதான உரிமை யாருடையது என்ற வினாவே அடிப்படையானது.

இருபதாம் நூற்றாண்டின் அச்சுத்தொழில் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தந்தது. ஈயவெழுத்தை உருக்கி வார்த்து அச்சுக்கோக்கும் முறை 1970களிலே கணினிமுறைக்கு இடங்கொடுத்தது. நியூயோர்க் நகரில் அச்சுக்கோப்போரின் தொழிற்சங்கம் 1974இல் பத்திரிகை முதலாளிகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. புதிய பொறிகளை ஏற்பதற்கு ஈடாக, அப்போது பணியிலிருந்தோருக்கு ஆயுட்கால வேலை உறுதி பெறப்பட்டது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 1978 யூலையில் ஈயவெழுத்தைக் கைவிட்டது. இலண்டனிலோ நிலைமை வேறாயிற்று. 1986 யனவரியில் ரூபேர்ட் மேர்டொக்கின் பத்திரிகைகள் வப்பிங்கிலே அமைந்த புதிய ஆலைக்கு மாற்றப்பட்டபோது வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 5,500 தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டம் தோல்வியில் முடிந்தது. இரு நகரங்களிலும் பொறி ஏறக்குறைய ஒன்றே. முடிவு வேறுபட்டமைக்குக் காரணம் சங்கத்தின் வலிமை, அரசின் சார்பு, சட்டத்தின் நிலை ஆகியனவாம்.

இக்காலப்பகுதியிலே வடிவமைப்பாளரின் நிலை யாதாயிருந்தது? 1985இல் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளும் லேசர் அச்சுப்பொறியும் வந்தபோது, அச்சுக்கோப்போர் செய்துவந்த வேலை வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவ்விழப்பிலே வடிவமைப்பாளர் இலாபமடைந்தனர். 2013இல் கன்வா என்னும் சேவை வார்ப்புருக்களை வழங்கத் தொடங்கியபோது, அவ்வார்ப்புருக்களை ஆக்கியோரும் வடிவமைப்பாளரே. ஆயினும், ஒருவர் ஒருமுறை ஆக்கிய அமைப்பை எண்ணற்றோர் எடுத்தாளும் நிலை அதனால் உருவாயிற்று. செய்வோனைக் கருதுவோனிடமிருந்து பிரித்த நெடும்போக்கின் பயனைப் பெற்றுவந்த இத்தொழிலினர், அடுத்த கட்டத்திலே தாமே அப்போக்கின் பொருளாயினர்.

அக்கட்டமே செயற்கை நுண்ணறிவாகும். அதன் செயல்முறையைச் சுருக்கமாக நோக்குதல் பயனுடைத்து. ஒரு படத்தின்மீது ஒழுங்கற்ற புள்ளிகளைப் படிப்படியாகச் சேர்த்து அதனைச் சிதைத்து, பின் அச்சிதைவிலிருந்து படத்தை மீட்பதற்குப் பொறி பயிற்றப்படுகின்றது. படங்களோடு இணைந்த விவரணச் சொற்களும் உடன்சேர்வதால், சொல்லைக் கொடுத்தால் அதற்கியைந்த படத்தை அது தருகின்றது. இப்பயிற்சிக்குப் பெருந்தொகையான படங்கள் வேண்டும். லயோன் என்னும் ஜேர்மனிய அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட பட்டியலிலே 585 கோடி படங்களின் முகவரிகளும் விவரணங்களும் இருந்தன. இணையத்திலிருந்து திரட்டப்பட்ட அவற்றுள் ஏறக்குறைய 230 கோடி ஆங்கில விவரணமுடையவை. தமிழ் உட்பட ஏனைய நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அனைத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 220 கோடியே உரியன. ஸ்ரேபிள் டிஃபியூஷன் இப்பட்டியலின் பகுதிகளைக் கொண்டே பயிற்றப்பட்டது. படங்களை ஆக்கியோரின் சம்மதம் கேட்கப்படவில்லை.

போர்ப்ஸ் வட்சனின் தொகுதிகளோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமைகளும் உள. அத்தொகுதியிலே துணி கண்முன் ஒட்டப்பட்டிருந்தது. இன்ன கோலம் இன்ன ஊருக்குரியது என்று கண்டுகொள்ள முடிந்தது. இங்கோ படங்கள் கோடிக்கணக்கான எண்களுட் கரைந்துவிடுகின்றன. எவருடைய உழைப்பு எங்கே பயன்பட்டது என்பதைத் தேடிக் காண்டல் பெரும்பாலும் இயலாதாகின்றது. மேலும், அத்தொகுதியைப் பயன்படுத்துதற்கு மான்செஸ்டரிலும் ஒரு வடிவமைப்பாளன் தேவைப்பட்டான். இங்கு அவனும் தேவையில்லை.

சட்டம் இந்நிலைமையைப் பின்தொடர முயல்கின்றது. 2023 யனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் இக்கருவிகளின் உரிமையாளருக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். பிரித்தானியாவில் கெற்றி இமேஜஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கிலே 2025 நவம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வணிகக்குறி பற்றிய சிறுபகுதி தவிர, பெரும்பாலும் ஸ்ரபிலிற்றி நிறுவனத்துக்கே சாதகமாயிற்று. பயிற்சி பிரித்தானியாவில் நடைபெற்றமைக்குச் சான்றில்லாமையால் அது பற்றிய முறைப்பாடு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. மறுபுறத்தில், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 யனவரியில் வெளியிட்ட அறிக்கையிலே, கட்டளைச் சொற்களை மட்டும் எழுதிப் பெற்ற படத்துக்குப் பதிப்புரிமை இல்லையென்று கூறியது. எனவே, வடிவமைப்பாளனின்றிச் சின்னம் ஆக்கிய சிறுகடைக்காரருக்கும் அச்சின்னத்தின் மீது பதிப்புரிமை கிடைப்பதில்லை. மூலப்படத்தை வரைந்தோரும் இறுதிப்படத்தைப் பெற்றோரும் உரிமை குன்றி நிற்க, கருவியின் உடைமையாளர் சந்தாப்பணத்தைப் பெறுகின்றனர்.

இவ்வாறு கூறுவதனால் இக்கருவிகளின் பயனை மறுத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத கிராமப் பாடசாலையும் சிறு சங்கமும் தமது செய்தியைச் செம்மையாக வெளியிட முடிதல் நன்மையே. ஆனால், அந்நன்மை எவருடைய உழைப்பிலிருந்து வந்தது, அதன் விலையை எவர் செலுத்துகின்றார் என்று கேட்டல் ஆய்வாளரின் கடமை. விடை காண்டற்கு வழியும் உண்டு. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்கு வரையறைகளை உடன்படிக்கையிற் பெற்றனர். நியூயோர்க் அச்சுக்கோப்போர் 1974இல் கண்ட உண்மை அங்கு மீண்டும் நிறுவப்பட்டது. தனித்தனியே கூலிக்கு உழைக்கும் வடிவமைப்பாளருக்கு அத்தகைய சங்கப்பலம் பெரும்பாலும் இல்லை என்பதே அவர்தம் நிலையை நலிவுறச் செய்கின்றது.

எற்றூரியாவின் மாதிரியுருக்கள் முதல் இன்றைய படக்களஞ்சியங்கள் வரையான இவ்வரலாற்றிலே, வடிவமைப்பாளனின்றி எந்த வடிவமும் தோன்றவில்லை. அவனை மறைத்தல் மட்டுமே நிகழ்ந்தது. 1866இல் நெய்தவர் பெயரை எழுதாது விட்டமை இன்று திருத்தமுடியாத குறை. இன்றைய களஞ்சியங்கள் இன்னும் ஆக்கப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. அவற்றிலே ஆக்கியோரின் பெயரும் சம்மதமும் பங்கும் இடம்பெறுமா என்பது தொழில்நுட்பம் தீர்மானிக்கும் விடயமன்று; ஒழுங்கமைந்த உழைப்பாளரும் விழிப்புள்ள சமுதாயமும் தீர்மானிக்கவேண்டியதாகும்.