கல்லூரி ஆட்சியும் ஒரு கல்வியே

சிங்கப்பூர்த் தமிழர்க்கு நன்கு பழக்கமான இடங்களுள் ஒன்று ஃபேரர் பார்க். முன்னர்க் குதிரைப் பந்தயத் திடலாக விளங்கிய அவ்விடம், 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறிய பின் பொதுத் திடலாயிற்று. அதன் பெயர் புலவர் ஒருவருடையதன்று, போர்வீரர் ஒருவருடையதுமன்று. 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ரோலந்து ஜான் ஃபேரர் என்னும் ஆட்சியாளருடையது. அக்காலத்தில் மலாயா ஆட்சிப் பணிக்கு வந்தோர் போட்டித் தேர்வு எழுதினர். வந்த பின்னும் இந்நாட்டு மொழியும் சட்டமும் கற்றுத் தேறினர். ஊரை ஆளுதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது அன்றே ஏற்கப்பட்ட கொள்கை.

ஆயின், பல்கலைக்கழகத்தை ஆளுதற்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் எளிதில் தோன்றவில்லை. ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜார்ஜ் ஆலன் மருத்துவர். அடுத்து வந்த சிட்னி கெய்ன் பொருளியல் அறிஞர். அவருக்குப் பின் வந்த ஓப்பன்ஹைம் கணித மேதை. தமிழ்நாட்டிலும் இதுவே வழக்கு. 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வீற்றிருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் மருத்துவரே. இவர்கள் பட்டறிவால் ஆட்சியைக் கற்றவர்கள். அவ்வாறு கற்றுச் சிறந்தோர் உண்டு. எனினும் எல்லார்க்கும் அது கைகூடும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

இக்குறையை முதலில் உணர்ந்த நாடு அமெரிக்கா. உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால், கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1893இல் உயர்கல்வியையே ஒரு பாடமாக வைத்துக் கற்பித்தார். 1920ஆம் ஆண்டை ஒட்டி ஒஹாயோ, கொலம்பியா, சிக்காகோ பல்கலைக்கழகங்களில் கல்லூரி ஆட்சி பட்டமேற்படிப்பாக வளர்ந்தது. பட்டதாரிகள் உயர்கல்வி வரலாறு, கல்விச் சட்டம், நிதி, மாணவர் நலம் ஆகியவற்றை முறையாகப் பயின்று, பதிவாளராகவும் பீடாதிபதியாகவும் பணியேற்கும் வழி திறந்தது.

ஆசியாவில் இத்துறைக்கு வித்திட்டது யுனெஸ்கோ. கல்வித் திட்டமிடுவோர்க்கும் ஆட்சியாளர்க்கும் 1962இல் புதுடில்லியில் அது ஒரு வட்டார மையம் கண்டது. அம்மையமே பின்னர் இந்திய அரசின் தேசிய நிறுவனமாகி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஆய்வுப் பட்டமும் வழங்கலாயிற்று. சிங்கப்பூரிலோ, 1973இல் தோன்றிய கல்விக் கழகம் 1984இல் கல்வி நிருவாகப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 1991இல் அது தேசியக் கல்விக் கழகமாகியது. ஆயினும் இங்கே பயிற்சியின் நோக்கு பெரிதும் பள்ளித் தலைமையாசிரியர்பால் சென்றது; கல்லூரி, பல்கலைக்கழக ஆட்சி பின்தங்கியே நின்றது.

இவையெல்லாம் தமிழாசிரியர்க்கு எதற்கு என்று கேட்கலாம். விடை இந்நாட்டு வரலாற்றிலேயே உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைய இருந்தபோது, தமிழுக்கு அதில் உரிய இடம் வேண்டுமெனத் தமிழர் போராடினர். கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்ட, எளிய உழைப்பாளரும் தம் வருவாயிற் சிறிது ஈந்தனர். 1956இல் துறை மலர்ந்தது. ஆனால் 1959இல் பல்கலைக்கழகம் இரு தன்னாட்சிப் பிரிவுகளாகியபோது, அத்துறை கோலாலம்பூரில் அமைந்தது. 1962இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் தனியே எழுந்தபோது அதில் தமிழ்த்துறை இல்லை. இங்கே தமிழ் மொழி இலக்கியத்தில் இளங்கலைப் படிப்பை யூனிசிம் 2006இல் தொடங்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

துறையைப் பெற்றுத் தந்தது மக்களின் மொழிப்பற்று. அது எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்ததோ ஆட்சி ஏற்பாடு. எந்தத் துறை எந்த வளாகத்தில், எத்தனை ஆசிரியர், எவ்வளவு நிதி என்பன மேடையில் முடிவாவதில்லை. குழுக்களிலும் கோப்புகளிலும் முடிவாகின்றன. அக்குழுவில் அமர்ந்து, விதியறிந்து, கணக்கறிந்து வாதிட வல்லவர் இல்லையேல், திரட்டிய நிதியும் தீட்டிய தீர்மானமும் துணைசெய்யா.

ஆட்சிப் பதவியின் அருமைக்கு மற்றுமொரு சான்றும் உண்டு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் பி. ஆர். சீனிவாசன் தேர்ந்த மருத்துவர். மாணவர் சேர்க்கை, பல்கலைக்கழகத் தன்னாட்சி ஆகியவை பற்றி அரசோடு கருத்து வேறுபட்டு 1963இல் பதவி துறந்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. அரசுக்கும் கல்விக்கும் எல்லை எது என்பது மருத்துவ நூலில் இல்லாத பாடம் என்பது மட்டும் தெளிவு.

வள்ளுவர் ‘கல்வி’க்கு ஓர் அதிகாரம் வகுத்தார், வினைக்கு உரியவரை ஆராய்ந்து அமர்த்துதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என வேறோர் அதிகாரம் வகுத்தார். கற்றவர் என்ற ஒன்றே ஒருவரை ஆட்சிக்குரியவர் ஆக்காது என்பதை அப்பகுப்பே உணர்த்தும்.

இன்று ஃபேரர் பார்க்கை அடுத்த பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் மாணவர் தமிழ் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் தமிழாசிரியர் ஆவர். சிலர் ஆய்வாளர் ஆவர். ஒருவர் இருவரேனும் பல்கலைக்கழக ஆட்சியைப் பட்டமேற்படிப்பாகப் பயின்று, பதிவாளர் நாற்காலியிலோ நிதிக் குழுவிலோ அமர்தல் வேண்டும். அவர்க்கு அவ்வழியைக் காட்டவேண்டியவர் இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே.