முதுகில் ஒட்டிப் பார்த்த சாயம்

களிம்பு தடவிய இடம் சிவந்து கொப்பளிக்கிறது. நோய் முற்றிவிட்டதா, அல்லது மருந்தே இந்தப் புண்ணைக் கொடுத்ததா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாதரசக் களிம்பு பூசிக்கொண்ட சிலரைப் பார்த்த ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசஃப் யாடாசோனுக்கு எழுந்த கேள்வி இது. அவர் பாதரசப் பிளாஸ்திரியைச் சிறு துண்டாக வெட்டி, புண்ணே இல்லாத தோலில் ஒட்டினார். ஒட்டிய இடத்தில் மட்டும் அதே எக்சிமா கிளம்பியது. 1895இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஜெர்மன் தோல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். பேட்ச் டெஸ்ட் பிறந்தது அங்கேதான்.

அலர்ஜி என்ற கருத்தையே வியன்னாவின் கிளமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல்தான் முன்வைத்தார். காரணம் விளங்குவதற்கு முன்பே சோதனை வந்துவிட்டது. மருத்துவத்தில் இப்படி நடப்பது அபூர்வம் அல்ல. ஆனாலும், நோயை விரலகலத்துக்குள் வேண்டுமென்றே வரவழைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்ற அந்த எண்ணம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சுவிட்சர்லாந்தில் புரூனோ பிளாக் இந்த முறையைப் பல பொருள்களுக்கு விரிவாக்கினார். அவரிடமும் யாடாசோனிடமும் பயின்ற மேரியன் சல்ஸ்பெர்கர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். யாரைச் சோதித்தாலும் முதலில் ஒட்ட வேண்டிய பொருள்களின் பொதுப் பட்டியல் ஒன்றைக் கோபன்ஹேகனின் பால் பொன்னெவி 1939இல் வெளியிட்டார்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அளவு. எந்த ரசாயனமும் அடர்த்தி கூடினால் யார் தோலையும் எரிக்கும். அது அலர்ஜி ஆகாது. குறைந்தாலோ உண்மையான அலர்ஜியே தப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் வாசலினில் இத்தனை சதவீதம் என்று குழைத்து, முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைக்கிறார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. எடுத்த அன்றே தீர்ப்பு சொல்லிவிட முடியாது. வெறும் எரிச்சல் நாள்பட வடியும். அலர்ஜி பெரும்பாலும் ஏறும். அதனால் மூன்றாம் அல்லது நான்காம் நாளில் ஒரு முறை, ஏழாம் நாளில் இன்னொரு முறை பார்க்கிறார்கள்.

துணிச் சாயத்தால் வரும் அலர்ஜிக்கு ஏழாம் நாள் மிக முக்கியம், தாமதமாக எழும் தடிப்புகள் அப்போதுதான் பிடிபடும். இங்கே முதல் சந்தேகம் டிஸ்பெர்ஸ் சாயங்கள்மேல். 1920களில் அசிடேட் இழைக்காகப் பிறந்தவை இவை, பின்னர் நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் வந்தன. திருப்பூர் பருத்திப் பனியனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. டிஸ்பெர்ஸ் சாயமோ இழைக்குள் புகுந்து தங்குகிறதே தவிர, பிணைவதில்லை. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கழன்று தோலுக்குள் இறங்குகிறது. தொடையின் உட்புறம், முழங்கால் மடிப்பு, அக்குளின் ஓரம் என்று துணி இறுக்கும் இடங்களில்தான் தடிப்பு வரும். அக்குளின் குழி பெரும்பாலும் தப்பிவிடும்.

தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தை ஒட்டிப் பார்த்தால் துணிச் சாயமும் தெரிந்துவிடும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அந்த வலையில் சிக்காத நோயாளிகள் ஏராளம். விடாமல் இதைத் தோண்டியவர்கள் சுவீடனின் மால்மோ நகரத்து ஆய்வாளர்கள். அவர்கள் உழைப்பின் பயனாக 2015இல் எட்டு டிஸ்பெர்ஸ் சாயங்களின் கலவை, முதலில் ஒட்டும் பொதுப் பட்டியலான ஐரோப்பிய அடிப்படை வரிசையில் இடம்பெற்றது. மொத்தம் 6.6 சதவீதம்: ஆறு சாயங்கள் ஒவ்வொன்றும் 1 சதவீதம், புளூ 106, புளூ 124 இரண்டும் வீரியம் மிக்கவை என்பதால் தலா 0.3 சதவீதம்தான்.

ஆனால் அதே மால்மோ குழுவினர் கடைத் துணிகளை வாங்கி ஆராய்ந்தபோது இந்தச் சாயங்கள் மிகச் சிலவற்றில்தான் கிடைத்தன. அப்படியானால் நோயாளியின் தோலைத் தூண்டுவது எது? வேறு சாயமா, சாயத்தில் கலந்த அசுத்தமா? துணி லேபிள் இழையின் பெயரைச் சொல்கிறது, சாயத்தின் பெயரைச் சொல்வதில்லை. நோயாளியின் சொந்த உடையிலிருந்து ஒரு துண்டை நனைத்து ஒட்டிப் பார்க்கலாம். அதிலிருந்து கசியும் அளவு போதாமல் சோதனை பொய்த்துப் போவதுண்டு. ஆகவே துணியிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்து, மெல்லிய தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாக ஓடவிட்டு, அந்தத் தகட்டையே முதுகில் ஒட்டுகிறார்கள். எந்தப் புள்ளிக்கு நேராகத் தோல் சிவக்கிறதோ, அதை எடுத்து ஆய்வகத்தில் பெயர் கண்டுபிடிக்கிறார்கள்.