நாயகியும் அன்னையும்: கிறித்தவ, சீக்கிய நெறிகளில் பெண்மை

உயிரை நாயகியாகவும் இறைவனை நாயகனாகவும் பாடுவது, தாயன்பில் இறையன்பைக் காண்பது ஆகிய இரு வழிகளில் கிறித்தவத்திலும் சீக்கியத்திலும் பெண்மை இடம்பெறுகிறது. கடவுள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்பதே இரண்டின் போதனை. ஆகவே இவற்றைச் சக்தி வழிபாட்டின் மறுவடிவம் என்று கொள்வது பொருந்தாது.

விவிலியத்தின் ஏசாயா நூல் இறைவனைப் பிள்ளையைத் தேற்றும் தாயாகக் காட்டுகிறது. உன்னதப்பாட்டின் காதலர்களைக் கிறிஸ்துவும் திருச்சபையுமாகக் கொள்வதும் தொன்றுதொட்ட வழக்கம். கி.பி. 431-இல் எபேசு சங்கம் மரியாளுக்கு ‘இறைவனின் தாய்’ என்ற பெயரை உறுதிசெய்தது; எனினும் கத்தோலிக்கர் அவருக்குச் செலுத்துவது வணக்கம் மட்டுமே, ஆராதனை இறைவனுக்குரியது. வீரமாமுனிவர் அந்த அன்னைக்குத் தமிழ் உருவம் தந்தார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி சேலை உடுத்தி நிற்கிறாள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பிறந்தது.

நாயகி மரபின் சிறந்த தமிழ்க் கிறித்தவப் படைப்பு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்ற வடிவம் மலைநிலத்தோடு இணைந்தது. போடிநாயக்கனூருக்கு மேலே எழும் ஏலமலைச் சரிவு போன்ற இடங்களைத் தமிழ் இலக்கணம் குறிஞ்சி என்றது. காதலர் கூடலை அந்த நிலத்துக்கு உரிய ஒழுக்கமாக வைத்தது. குறவஞ்சி நாடகத்தில் உலாவரும் தலைவனைக் கண்டு மயங்கிய பெண்ணுக்கு, மலையிலிருந்து இறங்கிவரும் குறத்திதான் கைபார்த்து நல்வாக்குச் சொல்வாள். சாஸ்திரியார் இந்தக் கட்டுக்கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய தலைவி தேவமோகினி சீயோன் மகள், அதாவது திருச்சபை. அவள் காதலிப்பது பெத்லகேம் நாதரை. குறத்தி புகழும் மலைகள் விவிலிய மலைகளாகின்றன. சரபோஜி மன்னர் காலத் தஞ்சையில் கோயில்களிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட ஒரு வடிவம், ஒரு சீர்திருத்தச் சபைக் கவிஞரின் கையில் இறைக்காதலின் நூலாயிற்று. தமிழ் இலக்கிய வரலாறுகள் இதற்கு இன்னும் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சீக்கியத்தில் நாயகி பாவம் மறைநூலின் உள்ளேயே இருக்கிறது. 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் குரு நானக்கின் பன்னிருமாதப் பாடல், கணவனைப் பிரிந்த பெண்ணின் ஏக்கமாகவே நகர்கிறது. குரு ராம்தாஸின் நான்கு ‘லாவான்’ பாடல்கள் இன்றும் திருமணத்தில் ஓதப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மணமக்கள் கிரந்தத்தை ஒருமுறை வலம்வருகிறார்கள். அப்பாடல்களின் மணமகள் உயிர். எனவே அங்கே நடக்கும் மணமகனும் இறைவனுக்கு முன் மணப்பெண்தான். அரசர்களைப் பெற்றெடுக்கும் பெண்ணை எப்படி இழிவாகப் பேசலாம் என்று கேட்டவரும் குரு நானக்கே. குரு அமர்தாஸ் உடன்கட்டையையும் முகத்திரையையும் எதிர்த்தார்.

இரு மரபுகளையும் தமிழில் தொட்டவர் பாரதியார். ‘ஏசு கிறிஸ்து’ பாடலில் மக்தலேனா மரியாளை முதலில் அன்பாகவும் பின்னர்ப் பெண்மையாகவும் காண்கிறார். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டவள் அவள் என்பதால் அந்தத் தேர்வு ஆழமானது. கால்சா என்ற சீக்கியச் சமூகம் 1699-இல் தோன்றியதைப் பாடும் ‘குரு கோவிந்தர்’ பாடலிலோ பாரதியாரின் சக்தி பக்தி கலந்துவிடுகிறது. சீக்கிய நெறி தேவி வழிபாட்டை ஏற்பதில்லை; சண்டி தேவி பற்றிய பாடல்கள் தசம கிரந்தம் என்ற சீக்கிய நூலில் இருந்தாலும் அவற்றை வீரத்தின் உருவகமாகவே பலரும் கொள்கின்றனர். கால்சாவுக்குத் தாயாகச் சீக்கியர் போற்றுவது மாதா சாகிப் கௌர் என்ற மானிடப் பெண்ணை.

பாட்டில் கிடைத்த இடம் சபையில் எளிதில் கிடைக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 1976-இல்தான் முதல் பெண் குருவானவர் அருட்பொழிவு பெற்றார். கத்தோலிக்கத்தில் குருத்துவம் ஆண்களுக்கே உரியது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் கருவறையில் பெண்களும் கீர்த்தனை பாட அனுமதிக்க வேண்டும் என்று பஞ்சாப் சட்டமன்றம் 2019 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. நானக்கின் சொல்லை அங்கே ஒரு பெண்குரல் பாடுவது நியாயமான கோரிக்கை.