கறுக்கும் ஆடிகள்

பெகாசஸ் உடுத்தொகுதியில் ஐந்து கேலக்ஸிகள் ஒட்டி நிற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. மார்செய் வானாய்வகத்தின் எதுவார் ஸ்டெஃபான் 1877-ல் அதை அறிவித்தார். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக வந்ததே, அதே ஸ்டெஃபான்ஸ் குவின்டெட்தான். பேர் என்னமோ ஸ்டெஃபானுக்குப் போய்விட்டது. எனக்கென்னவோ அவர் பயன்படுத்திய 80 செ.மீ. ஆடிக்கும் அதில் பங்கு உண்டு என்றே தோன்றும்.

அதற்கு முன்னால் பெரிய தொலைநோக்கிகளின் ஆடி உலோகம்தான். செம்பும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு. பளபளன்னு புதுசாக இருக்கும்போதே, விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். ஈரக்காற்று பட்டால் மங்கும். மங்கியதைத் தேய்த்து மெருகேற்றினால் வளைவு மாறிவிடும். துடைப்பது என்றாலே ஆடியை மறுபடி செய்வது என்று அர்த்தம். வில்லியம் ஹெர்ஷல் தன் 40 அடித் தொலைநோக்கிக்கு இரண்டு ஆடிகள் செய்து வைத்தது சும்மா இல்லை. ஒன்று மெருகுக்குப் போனால் இன்னொன்று வேலை செய்யணும்.

1857 வாக்கில் பாரிஸில் லியோன் ஃபூக்கோ (ஆமாம், ஊசல் ஃபூக்கோதான்) கண்ணாடியை வளைவாகத் தேய்த்து, அதன்மேல் வெள்ளியைப் படியவைத்தார். வெள்ளியும் கறுக்கும். ஆனால் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசலாம். கண்ணாடியின் வளைவுக்கு ஒண்ணும் ஆகாது. வானியலில் இதைவிடப் பெரிய புரட்சி குறைவு என்பேன். ஸ்டெஃபானின் ஆடி ஃபூக்கோ செய்ததுதான்.

இந்த முறை கொல்லைப்புறத்துக்கும் போனது. லண்டன் ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல வெள்ளிப்பூச்சு ஆடியை நிறுத்தினார். 1883-ல் ஓரியன் நெபுலாவை அவர் எடுத்த படத்தில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்தன. அந்தத் தொலைநோக்கி கைமாறிக் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜேம்ஸ் கீலர் அதில் எடுத்த தகடுகளில், தேடாத இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி நெபுலாக்கள். அவற்றில் பெரும்பாலானவை கேலக்ஸிகள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1930-களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் முறை வந்தது. அலுமினியத்தின்மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கும். என் 8 அங்குல நியூட்டோனியனில் இருப்பதும் அதுதான். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் தூசியைப் பார்த்ததும் துணியைத் தேடக் கூடாது. கொஞ்சம் தூசி படத்தைக் கெடுக்காது, கீறல் கெடுக்கும். ரொம்பப் படிந்தால் மட்டும் ஆடியைக் கழற்றி, ஓடும் நீரில் காட்டி, பாத்திர சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ஈரப்பஞ்சை அதன் எடையிலேயே இழுத்து, கடைசியில் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிச் சாய்த்து வைப்பேன். மாட்டியதும் காலிமேஷன்.

மொட்டை மாடியில் இரண்டு இரண்டு நிமிஷமாக எடுத்து அடுக்கினால் குவின்டெட் திரையில் ஒரு விரல்நுனி அளவுக்கு வரும். நால்வர் மஞ்சள், என்.ஜி.சி. 7320 மட்டும் லேசான நீலம். 1961-ல் பர்பிட்ஜ் தம்பதி அதன் செம்பெயர்ச்சியை அளந்தபோது மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. நால்வர் சுமார் 29 கோடி ஒளியாண்டு தொலைவில். இது 4 கோடியில், நம் வழியில் குறுக்கே நிற்கிறது. ஆடி சுத்தமாக இருக்கும் இரவில் அந்த நீலம் என் படத்திலேயே தெரியும்.